ஆறு மாதம் தாண்டிவிட்டால் கை வரவே வராதா?

கரிசல்காட்டான் | 9-6-2023, இரவு 11:42

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் இங்கே படித்துவிட்டுப் போகிறவன்தான், எழுதுவது இதுதான் முதல் முறை.

அப்பாவுக்கு 61 வயது. சாத்தூரில் தையல் கடை. ஜனவரியில் ஒரு நாள் காலை பல் விளக்கப் போனவர், பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டு அதையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். பக்கவாதம். வாய் கோணிவிட்டது, வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. பிரஷர் இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது. பக்கத்துத் தெருவில் ஒரு ஊசி போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்து, மறுபடி கிளம்பி, சரியான ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஆறு மணி நேரம். அந்தக் கதையை விடுங்கள்.

இப்போது கால் பரவாயில்லை, கம்பு ஊன்றி வாசல் வரை வருகிறார். பேச்சு ஒன்றிரண்டு வார்த்தையாக வருகிறது. கைதான் இல்லை. தோளை லேசாகத் தூக்குகிறார், விரலில் ஒன்றும் இல்லை. போன வாரம் செக்கப்பில் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "ஆறு மாசத்துல வர்றதுதான் வரும். கையை இனிமே எதிர்பார்க்காதீங்க, இடது கையில பழகச் சொல்லுங்க" என்றார். அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து பயிற்சி செய்ய மாட்டேன் என்கிறார். நேற்று கடைச் சாவியை எடுத்து என் கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

உடம்பு தன்னைத்தானே சரி பண்ணிக்கொள்ளும் என்று நம்பி இன்னும் முயற்சி செய்யலாமா? இல்லை, அது அவரை ஏமாற்றுவதா? பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பொருநை_சிவா | 10-6-2023, காலை 6:15

அண்ணாச்சி, மனசை விட்டுறாதீங்க. எங்க மாமாவுக்கு இதே மாதிரி வந்து, புறா ரத்தம் தேய்த்துத்தான் எழுந்து நடந்தார். வாரம் ரெண்டு புறா, சூடு ஆறுவதற்குள் தேய்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கைவிட்ட கேஸ் அது. கடவுள் இருக்கார்.

பிசியோ_மதுரை | 10-6-2023, மதியம் 2:30

தம்பி, 14 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அந்த "ஆறு மாசம்" எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்ததும் மூளையில் ஒரு பகுதி செத்துப்போகிறது. அது திரும்ப முளைக்காது. ஆனால் அதைச் சுற்றி வீங்கிப் போய், அதிர்ச்சியில் வேலைநிறுத்தம் செய்கிற பகுதி ஒன்று இருக்கும். வீக்கம் வற்ற வற்ற அது எழுந்துகொள்ளும். முதல் மூன்று மாதம் மளமளவென்று முன்னேற்றம் தெரிவதற்குப் பெரிய காரணம் இதுதான். இதை நாங்கள் செய்ததாக நாங்கள் பெயர் வாங்கிக்கொள்வோம், எண்ணெய் தேய்த்தவர் அவர் செய்ததாகச் சொல்வார், புறா பாவம் உயிரை விட்டிருக்கும். (சிவா, கோபிக்க வேண்டாம். உங்கள் மாமா எழுந்து நடந்ததை நான் மறுக்கவில்லை. புறா இல்லாமலே எழுந்திருப்பார் என்கிறேன்.)

அதற்கப்புறம் நடப்பது வேறு வேலை. செத்த பகுதி செய்துகொண்டிருந்ததை அக்கம்பக்கத்துப் பகுதிகள் கற்றுக்கொள்ள வேண்டும். இது மெதுவாகத்தான் நடக்கும், நிறையத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் நடக்கும். ஆறு மாதத்தில் வேகம் குறைவது உண்மை. கதவு சாத்தப்படுவதில்லை. டாக்டர் சொன்னது பெரும்பாலோருக்குப் பொருந்தும் கணக்கு. அதை நோயாளி முன்னால் அப்படிப் போட்டு உடைத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது ஒரு காரியம் செய்யுங்கள். அப்பாவை மேசை முன்னால் உட்காரவைத்து, வலது முன்கையைக் குப்புற வைத்து, மணிக்கட்டு மட்டும் விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி விடுங்கள். கையை மேலே தூக்கச் சொல்லுங்கள். வெறும் கண்ணால் பார்க்காதீர்கள், முன்கையின் மேல்பக்கத்தில் இரண்டு விரலை வைத்துப் பாருங்கள், தசை துடிக்கிறதா என்று. துடித்தால் ஒரு வழி, துடிக்காவிட்டால் வேறு வழி.

அப்புறம் இரண்டு விஷயம். எழுப்பும்போது வலது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்காதீர்கள், தோள் மூட்டு கழன்று இறங்கிவிடும், பிறகு வலிக்குப் பயந்தே கையை அசைக்க மாட்டார். சிரித்த முகம் போட்ட ரப்பர் பந்து யாராவது வாங்கிக் கொடுத்திருப்பார்கள், அதை எடுத்து உள்ளே வையுங்கள். விரல் மடங்குவது தன்னால் வந்துவிடும். விரிவதுதான் வராது.

வாசுகி | 10-6-2023, இரவு 9:05

நான் கொஞ்சம் கசப்பாகத்தான் எழுதப் போகிறேன்.

என் சித்தப்பா, ஈரோடு. 2020-இல் லேசான பக்கவாதம், முக்கால்வாசி சரியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் "உடம்புக்கே தெரியும், உடம்பே மருத்துவர்" வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தார். தானாகச் சரியானதால், அந்த வீடியோக்கள் சொல்வது உண்மை என்று அவருக்கே நிரூபணமாகிவிட்டது! பிரஷர் மாத்திரை ரசாயனம் என்று நிறுத்தினார். ரத்தம் இளக்கும் மாத்திரையையும் நிறுத்தினார். சித்தி கேட்டதற்கு, "உனக்கு நம்பிக்கை இல்லை" என்றார். ஏழாவது வாரம் இரண்டாவது அடி. இன்றைக்கு மூக்கு வழியாகக் குழாயில் கஞ்சி போகிறது.

அமெரிக்கக் கணக்குப்படி, பக்கவாதம் வருகிறவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒருவர் ஏற்கெனவே ஒரு முறை வந்தவர். உடம்பு தன்னைச் சரிசெய்யும், சரி. அதே உடம்புதான் குழாயையும் அடைத்தது.

நூலகவாசி | 11-6-2023, காலை 10:20

வாசுகி சொல்வதை ஒத்துக்கொண்டே, மருத்துவத்தின் சந்தேகத்தை மீறி நடந்த ஒரு நிஜக் கதை.

பெட்ரோ பாக்-இ-ரீட்டா. ஸ்பெயின் நாட்டுக் கட்டலான் கவிஞர், நியூயார்க் சிட்டி காலேஜில் பேராசிரியர். 1950-களின் கடைசியில், 65 வயதை ஒட்டி, பக்கவாதம். பேச்சு இல்லை, ஒரு பக்கம் முழுக்க இல்லை. நாலு வாரம் பயிற்சி கொடுத்துப் பார்த்துவிட்டு, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்றார்கள். மகன் ஜார்ஜ் அப்போது மெக்சிகோவில் மருத்துவ மாணவன். இந்தத் துறையைப் பற்றி ஒன்றும் படிக்காதவன், அதனால்தான் அது முடியாது என்றும் அவனுக்குத் தெரியவில்லை. குழந்தை முதலில் தவழுகிறது, பிறகுதானே நடக்கிறது என்று அப்பாவைத் தரையில் இறக்கிவிட்டான். சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் தவழல். தோட்டத்தில் தவழ்ந்ததைப் பார்த்து அக்கம்பக்கத்தார், பேராசிரியரை நாய் மாதிரி நடத்துகிறானே என்று திட்டியிருக்கிறார்கள். தரையில் கோலிக்குண்டு உருட்டி அதைப் பிடிக்கவைத்தான். பாத்திரம் கழுவுவதைக்கூட விடவில்லை: கால் மணி நேரம் வலம் சுற்றித் தேய், கால் மணி நேரம் இடம் சுற்றித் தேய்.

மனிதர் திரும்பக் கல்லூரிக்குப் போய்ப் பாடம் நடத்தினார். 1965-இல் கொலம்பியாவில் மலையேறும்போது மாரடைப்பில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது, மூளையின் மேல்பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் நரம்பிழைகளில் 97 சதவீதம் அழிந்து அப்படியே கிடந்தன. ஆறவே இல்லை. மிச்சம் இருந்த 3 சதவீதத்தை வைத்துக்கொண்டுதான் மனிதர் மலை ஏறியிருக்கிறார்! இன்னொரு மகன் பால் மருத்துவர். அந்தப் பரிசோதனையில் எடுத்த மூளைப் படங்களைப் பார்த்த பிறகு தன் துறையையே மறுவாழ்வு மருத்துவத்துக்கு மாற்றிக்கொண்டார்.

வாசுகி | 11-6-2023, மதியம் 12:48

அருமையான கதை. ஆனால் அது ஒருவரின் கதை. தவழவைத்தும் எழாதவர்களைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். அட்டெண்ட் என்ற ஆய்வு, 14 இந்திய மருத்துவமனைகள், 1250 நோயாளிகள், 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பாதிப் பேரின் வீட்டாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுத்து வீட்டில் செய்யவைத்தார்கள். மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்து இறந்தவர்கள், அடுத்தவர் உதவியில் வாழ்கிறவர்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இரு பக்கமும் 47 சதவீதம். வித்தியாசமே இல்லை. கரிசல்காட்டான் தன் வேலையை விட்டுவிட்டு அப்பா கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவதற்கு முன் இதையும் தெரிந்துகொள்ளட்டும்.

நெறியாளர் | 11-6-2023, மாலை 4:00

மூலிகைத் தைலம், 45 நாள் உத்தரவாதம், போன் நம்பர் என்று வந்த மூன்று பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. நாலாவது வந்தால் ஆளும் நீக்கப்படுவார்.

பிசியோ_மதுரை | 11-6-2023, இரவு 10:10

வாசுகி மேடம் சொன்ன ஆய்வு உண்மை. வந்த புதிதில் எனக்கே இரண்டு நாள் தூக்கம் போனது. ஒன்றே ஒன்று மட்டும். 2009-இல் ஓர் ஆய்வில் 312 பயிற்சி வேளைகளை உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். கைக்கான வேலைப் பயிற்சி, நடந்த வேளைகளில்கூட, சராசரி 32 முறை. மூளை மாறுவதைக் காட்டிய விலங்கு ஆய்வுகளில் ஒரு வேளைக்கு 400, 600 முறை. நம் ஆட்கள் பத்து முறை தூக்கிவிட்டு "பயிற்சி முடிஞ்சுது" என்பார்கள். அளவு போதவில்லை என்பது என் அபிப்பிராயம், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

அதற்காக முதல் நாளே போட்டு வாட்டுவதும் கூடாது. அவெர்ட் என்ற ஆய்வில் 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அதிகம் நடமாடவைத்தவர்கள்தான் பின்தங்கினார்கள். உங்கள் அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார், கவலை இல்லை.

மணிக்கட்டு என்ன ஆயிற்று தம்பி?

கரிசல்காட்டான் | 12-6-2023, இரவு 8:30

முதல் மூன்று தடவை ஒன்றும் இல்லை. அப்பா எரிச்சலாகிவிட்டார். அம்மாதான், "நான் ஒண்ணு பண்றேன்" என்று கடையிலிருந்து பெரிய கத்தரியை எடுத்து வந்து அவர் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்தார். 30 வருடக் கத்தரி, கட்டைவிரல் போகும் வளையத்தில் பெயின்ட் போய் இரும்பு மின்னும். "அதை எடுங்க" என்றார் அம்மா. கை அசையவில்லை. ஆனால் என் விரலுக்குக் கீழே என்னவோ ஓடியது. தோலுக்குள் மீன்குஞ்சு திரும்பினால் எப்படி இருக்கும், அப்படி. நானாகக் கற்பனை செய்கிறேனோ என்று அம்மாவையும் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். அவருக்கும் தெரிந்தது.

இது போதுமா சார்?

இடதுகைக்காரன் | 13-6-2023, காலை 5:20

இங்கே பேசுகிறவர்கள் எல்லாம் நோயாளியின் மகன், நோயாளியின் உறவு, நோயாளிக்கு வைத்தியம் பார்ப்பவர். நான் நோயாளி. 46 வயது, 2019-இல் வந்தது, வலது பக்கம். இடது கையால் டைப் அடிக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விரலை அசைக்க முயல்வது எப்படி இருக்கும் தெரியுமா? கரண்ட் போன வீட்டில் ஸ்விட்சைத் தட்டுவது போல. தட்டுகிறோம் என்று கைக்குத் தெரியும், பல்ப் எரியாது. இதை ஒரு நாளைக்கு 300 தடவை தட்டச் சொல்வார்கள்.

முதல் வருடம் எனக்குக் கொட்டாவி வந்தால் வலது கை தானாக மேலே எழும். நெஞ்சு வரை வரும்! முதல் தடவை வீட்டில் எல்லாரும் கத்திவிட்டார்கள், என் தங்கை வேண்டுதலை நிறைவேற்றப் பழநிக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். கொட்டாவி முடிந்ததும் கை தொப்பென்று விழுந்துவிடும். பிசியோ சொன்னார், அது வேறு பாதை, நினைத்து அசைக்கும் பாதை இல்லை, இதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம் துக்கப்படவும் வேண்டாம் என்று. தங்கை டிக்கெட்டை ரத்து செய்யவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அதுவல்ல. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "நம்பிக்கையா இருங்க, நம்பிக்கைதான் மருந்து" என்பார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். எட்டாவது மாதமும் கை வரவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம்? நான் சரியாக நம்பவில்லை என்றுதானே? விழுந்த கை போதாதென்று, அது எழாதது என் குற்றமாகவும் ஆகிவிட்டது. ராத்திரி படுத்துக்கொண்டு, இன்றைக்கு எத்தனை சதவீதம் நம்பினேன் என்று எனக்கு நானே மார்க் போட்டிருக்கிறேன். டாக்டரின் "வராது" ஒரு நாள் அழவைத்தது. இந்த "நம்பு" ஒரு வருடம் அழவைத்தது.

பதினோராவது மாதம் கட்டைவிரல் அசைந்தது. அன்றைக்கு நான் துளியும் நம்பவில்லை. எரிச்சலில், கணக்குத் தீர்க்கத்தான் செய்துகொண்டிருந்தேன். 212-ஆவது தடவை.

தம்பி, உங்கள் அப்பாவிடம் நம்பச் சொல்லாதீர்கள். எண்ணச் சொல்லுங்கள்.

வாசுகி | 13-6-2023, காலை 9:11

இதற்கு மேல் நான் என்ன சொல்ல. மாத்திரை மட்டும் நிறுத்தாதீர்கள் அண்ணா, யாரும்.

பிசியோ_மதுரை | 13-6-2023, இரவு 11:00

இடதுகைக்காரன் சார், என் நோயாளிகளுக்கு உங்கள் பதிவைப் படித்துக் காட்ட அனுமதி வேண்டும்.

தம்பி, மீன்குஞ்சு போதும். அதுதான் ஆரம்பம். நல்ல கைக்கு உறை போட்டுக் கட்டிவிட்டு, விழுந்த கையாலேயே எல்லாம் செய்யவைக்கும் முறை ஒன்று உண்டு. எட்வர்ட் டௌப் என்பவர் குரங்குகளிடமிருந்து கண்டது: முடியாமல் போன கையை முதலில் பயன்படுத்த முடிவதில்லை, பிறகு பயன்படுத்தாமலே பழகிவிடுகிறது, முடிகிற காலம் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போவதில்லை. 2006-இல் 222 பேரிடம் செய்து பார்த்தார்கள், பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்கள். விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் உறையோடு, இரண்டு வாரம். பலன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. ஆனால் அதற்கு மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது தூக்க வர வேண்டும், உங்கள் அப்பா இன்னும் அங்கே வரவில்லை. இப்போதே கட்டிப்போட்டால் சாப்பிடக்கூட முடியாமல் நொந்துபோவார். செய்யாதீர்கள்.

இப்போதைக்குக் கண்ணாடி. நம் சென்னை ஸ்டான்லியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், கை வெட்டப்பட்டவர்களின் இல்லாத கை வலிக்குக் கண்டுபிடித்தது. 1999-இல் அவர் குழு ஒன்பது பக்கவாத நோயாளிகளிடமும் சோதித்தது, பிறகு பலரும் செய்து பார்த்துவிட்டார்கள். செலவு ஒன்றும் இல்லை. அலமாரிக் கண்ணாடி அளவில் ஒன்றை நெஞ்சுக்கு நேர் நடுவில், இரண்டு கைக்கும் இடையே மேசைமேல் நிறுத்துங்கள், கண்ணாடியின் முகம் இடது பக்கம் பார்க்க வேண்டும். வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். இடது கையை விரித்து மூட, கண்ணாடியில் வலது கை விரிந்து மூடுவது போலத் தெரியும். பின்னால் இருக்கும் கையையும் கூடவே முயலச் சொல்லுங்கள். அரை மணி நேரம். மோதிரம், கயிறு எல்லாம் கழற்றிவிட்டு, இல்லையென்றால் கண் ஏமாறாது.

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெயர் பதிந்துவிடுங்கள். பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கு வரும், பிசியோவும் வருவார். ரொம்ப அடிக்கடி எதிர்பார்க்காதீர்கள், ஒரு ஆள் எத்தனை ஊர் சுற்றுவார். ஆனால் வந்து பார்த்துத் திருத்துவார்.

தஞ்சை_மீனா | 14-6-2023, மாலை 6:40

கையைப் பற்றி எனக்குத் தெரியாது. பேச்சுக்கு ஒன்று. எங்கள் அம்மாவுக்குப் பேச்சு போனபோது "தண்ணீர்" சொல்ல வராது, ஆனால் கோயிலில் பாடிய பாட்டைப் பக்கத்து வீட்டில் போட்டால் கூடவே வரி தவறாமல் பாடினார். நாங்கள் நடிக்கிறார் என்றே நினைத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, பாட்டுக்கு மூளையின் மறு பக்கமும் கைகொடுக்கும், அதை வைத்தே பேசப் பழக்கும் முறை 1970-களிலேயே வந்துவிட்டதாம். "காப்பி வேணும்" என்பதை ராகமாக இழுத்து, இடது கையால் தட்டிக்கொண்டே சொல்லவைத்தோம். இரண்டு மாதம் வீடே கச்சேரி. அப்பாவுக்குப் பாட்டுப் பிடிக்குமா தம்பி?

கரிசல்காட்டான் | 14-6-2023, இரவு 9:15

பாட்டு வராது அக்கா. அளவு சொல்ல வரும்! "தோள் பதினெட்டு, கை இருபத்துமூணு" என்று வாடிக்கையாளரிடம் ராகமாகத்தான் சொல்வார். நாளைக்கு நாடாவை எடுக்கிறேன்.

கரிசல்காட்டான் | 22-9-2024, இரவு 10:05

இழையை மேலே இழுத்ததற்கு மன்னியுங்கள். ஒரு வருடம் ஓடிவிட்டது, நடுவில் எழுத நேரமில்லை, மனசும் இல்லை. மார்ச்சில் தோள் வலி வந்து இரண்டு மாதம் எல்லாம் நின்றது. அப்போது, வாசுகி சொன்ன 47 சதவீதத்தை நினைத்துக்கொண்டு நானே விட்டுவிடலாம் என்று இருந்தேன்.

எண்ணியது அம்மா. காலண்டர் தாளின் பின்பக்கம், ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு. பழைய தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கின்றன. மணிக்கட்டு ஆகஸ்டில் தூக்கினார். விரல் விரிய தீபாவளி தாண்டியது. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் இன்றைக்கு ஒரு பொத்தானைப் பிடிக்கும், சட்டைப் பொத்தான் இல்லை, ஸ்வெட்டர் பொத்தான் அளவு. பிடித்ததை விடத்தான் நேரமாகிறது. அளவு ராகம் நன்றாக வேலை செய்தது மீனா அக்கா, இப்போது கடன் வைத்தவர்களைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்.

கத்தரி பிடிக்க வரவில்லை. வரும் என்றும் தோன்றவில்லை. அதனால் டாக்டர் சொன்னபடி இடது கையில்தான் வெட்டப் பழகினார். முதலில் சாதாரணக் கத்தரியை இடது கையில் கொடுத்தோம், துணி வெட்டுப்படாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து மாட்டிக்கொண்டது. அலகு மாறி இருக்க வேண்டுமாம், அது எங்களுக்குத் தெரியாது, அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்ல வார்த்தை வரவில்லை! இடதுகைக் கத்தரி ஒன்று வரவழைத்தோம். வலது கை துணியை அழுத்திப் பிடிக்கிறது, இடது கை வெட்டுகிறது. கோடு கொஞ்சம் அலையும். பாவாடை, தலையணை உறை, பள்ளிக்கூடப் பை. சட்டை எடுப்பதில்லை. சாவி அவரிடமே இருக்கிறது.

போன மாதம் அதே டாக்டரிடம் போனோம். மேசையில் கிடந்த பேனாவை அப்பா வலது கையால் எடுத்துக் காட்டினார். கீழே விழுந்தது. குனிந்து திரும்ப எடுத்தார், அறையில் யாரும் பேசவில்லை. டாக்டர் அந்தக் கையைப் பிடித்து விரல் விரலாக மடக்கிப் பார்த்தார். அப்புறம், "பிரஷர் மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு அதே பேனாவால் சீட்டு எழுதினார்.

ஓர் உதவி. அந்த இடதுகைக் கத்தரி மழுங்கிவிட்டது. இங்கே சாணை பிடிக்கிறவர் வழக்கமான பக்கம் தீட்டிக் கெடுத்துவிட்டார். மதுரை, கோவில்பட்டிப் பக்கம் அதைச் சரியாகத் தீட்டத் தெரிந்த ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆயுத பூஜைக்குள் வேண்டும் என்கிறார்.